‘போதும்’ என்று சொல்லாத கால்கள்

கைதட்டியவர்களே, வாருங்கள். அன்று பிற்பகல் அந்த உள்ளரங்கத்தில் எழுந்து நின்று, தொண்டை கட்டக் கூவி, உள்ளங்கை சிவக்கத் தட்டினீர்களே, அந்தக் கைகளை ஒருமுறை விரித்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் எலும்பு பிய்ந்த ஓசையை உங்கள் கைத்தட்டல் மூடிவிட்டது. குற்றம் உங்களுடையதன்று, உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள். நடந்தது கொடுமை. அதற்குத் தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. அந்தத் தீர்ப்பில் குற்றவாளி என்று எவரும் இல்லை. கவனக்குறைவாகப் பந்தைத் தூக்கிய ஒருத்தி மட்டும் இருக்கிறாள். அவள் பெயர் ஜெபக்கனி. அவள் நின்ற இடத்தில் நின்று, அவள் கண்ட வண்ணமே நீங்களும் காண வேண்டும்.

கடலோர ஊர்களுக்கு அலையிலிருந்தே மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிட்ட காலம் அது. செம்மணல் மேடான தேரியின் ஓரத்தில், பனைகளுக்கு நடுவே, மகளிர் கைப்பந்துக் கழகம் ஒன்று இருந்தது. ஜெபக்கனி அங்கே செட்டர். மற்றவர்கள் அடிப்பதற்காகப் பந்தை விரல் நுனியில் வாங்கி எடுத்துக் கொடுப்பவள். அவள் எடுத்துக் கொடுத்த பந்துகளை எல்லாம் அடித்தவள் இசக்கியம்மாள். அடிப்பவளின் பெயரை ஊர் அறியும். எடுத்துக் கொடுப்பவளின் பெயரை அடிப்பவள் மட்டுமே அறிவாள். அது போதும் என்றுதான் ஜெபக்கனி இருந்தாள்.

அந்த அணியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பயிற்சியாளரும் கற்பித்ததன்று. பெண்களே தங்களுக்குள் ஆக்கிக்கொண்டது. பந்து தரையில் விழாமல் நெடுநேரம் இரு பக்கமும் போய்வந்துகொண்டிருக்கும்போது அடிப்பவள் இளைத்துப்போவாள். அதைக் கண்டால், செட்டர் வேண்டுமென்றே பந்தை அளவு மீறிய உயரத்துக்குத் தூக்கிவிடுவாள். அது மேலே போய்த் திரும்பி வரும்வரை அடிப்பவள் நின்ற இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். கைக்கெட்டும் உயரத்துக்குப் பந்து இறங்கியதும் வலைக்கு அப்பால் மெல்லத் தட்டிவிடுவாள். புள்ளி கிடைக்காது, ஆனால் உயிர் வரும். மூச்சுப் பந்து என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

“ஏ பிள்ளைகளா, இது கைப்பந்தா, காத்தாடியா?” என்று பயிற்சியாளர் ஆல்வின் மாஸ்டர் களத்துக்கு வெளியிலிருந்து கத்துவார்.

“காத்துதான் வாங்குதோம் மாஸ்டர்!” என்று இசக்கி திருப்பிக் கத்துவாள். களமே சிரிக்கும்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த கழகத்துக்கு ஒரு நாள் புரவலர் வந்தார். தசைநல ஆய்வு செய்யும் பெரிய நிறுவனம். புதுத் தரை வந்தது, புது விளக்குகள் வந்தன, முட்டையும் பாலும் தவறாமல் வந்தன. கூடவே சுவரில் ஒரு பலகையும், பலகையில் ஒரு சிவப்புக் கோடும் வந்தன. விரல் நுனியில் சுண்ணப்பொடி தடவி, எம்பிக் குதித்து, பலகையில் பதிக்க வேண்டும். பொடி கோட்டுக்கு மேலே பதிந்தவள் இருக்கலாம். கீழே பதிந்தவள் பெட்டியைக் கட்டலாம்.

இசக்கியின் பொடி ஒரு விரற்கடை கீழே பதிந்தது.

அவளுடைய கெண்டைக்காலில் முடிச்சுகள் விழுந்திருந்தன. ஆண்டுக்கணக்கில் எம்பி எம்பி, தசையே இறுகிக் கழலைபோல் ஆகியிருந்தது. வீட்டுக்குத் திரும்பினால் உப்பளம். அவளுடைய அம்மா இன்னும் அங்கேதான் பாத்தியில் நின்றுகொண்டிருந்தாள். “அம்மா காலைப் பாத்திருக்கியாட்டி? உப்பு தின்ன காலு. எனக்கு அது வேண்டாம்” என்று இசக்கி அழுதாள். அவள் அழுது ஜெபக்கனி பார்த்தது அதுவே முதல் முறை.

நிறுவனத்தின் மருத்துவர் ஹேமலதா சென்னையிலிருந்து வந்தவர்; கனிவானவர். இசக்கியைக் குப்புறப் படுக்கவைத்து, முடிச்சைக் கட்டைவிரலால் தேடிப் பிடித்து, முடியிழை போன்ற ஊசி ஒன்றை எடுத்தார்.

“என்ன மருந்து டாக்டர் இதுல?” என்று கேட்டாள் இசக்கி.

“மருந்தே கிடையாது. வெறும் ஊசி. உலர் ஊசின்னு சொல்லுவோம். முடிச்சுல பட்டதும் தசை ஒரு துள்ளு துள்ளும், அப்புறம் இளகிடும். இது பழைய வைத்தியம்தான். ஆனா இந்த ஊசியோட நுனி உள்ளேயே தங்கிடும். அது மட்டும்தான் புதுசு.”

“உள்ள தங்கி என்ன செய்யும்?” இதைக் கேட்டவள் ஜெபக்கனி.

“ஒவ்வொரு தசைக்குள்ளயும் ஒரு காவல்காரன் இருக்கான்மா. நீ முழு பலத்தோட எம்பணும்னு நினைச்சாலும் அவன் விடமாட்டான். ‘போதும், இதுக்கு மேல இழுத்தா அறுந்துடும்’னு பாதியிலேயே பிடிச்சு நிறுத்திடுவான்.”

“எங்க தெரு வாட்ச்மேனும் இருக்காரே. திருடன் வந்தாலும் தூக்கத்துல ‘யாரு, மாப்பிள்ளையா’ன்னுல்லா கேப்பாரு” என்றாள் இசக்கி.

மருத்துவர் சிரித்துவிட்டார். “இவன் தூங்கவே மாட்டான். ரொம்பப் பயந்தவன் வேற. அறுந்து போறதுக்கு எவ்வளவோ முன்னாடியே கத்துவான். இந்த நுனி அவன் வாயைப் பொத்திடும். அப்புறம் உன் கால்ல இருக்கிற பலம் மொத்தமும் உனக்குத்தான்.”

“அவன் வாயைப் பொத்திட்டா, நெசமாவே அறுந்துபோற நேரத்துல யாரு டாக்டர் சொல்லுவா?” என்றாள் ஜெபக்கனி.

ஊசி பிடித்த கை ஒரு கணம் காற்றில் நின்றது. “அதுக்குத்தானே நாங்க இருக்கோம். நுனி அனுப்புற செய்தியெல்லாம் எங்க திரையில தெரியும்.”

“பெறகு எடுத்துரலாமா?”

“எடுக்கலாம். அது நிறுவனத்தோட பொருள். அவங்க அனுமதி கொடுத்தா எடுத்துடலாம்.”

இசக்கி தலையைத் திருப்பி ஜெபக்கனியைப் பார்த்தாள். தன் காலைப் பற்றிய முடிவைத் தோழியின் முகத்தில் தேடினாள். ஜெபக்கனிக்கு உள்ளுக்குள் ஏதோ நெருடியது. ஆனால் இசக்கி இல்லாத களத்தை அவளால் நினைத்துப் பார்க்க இயலவில்லை.

“போட்டுக்கோ பிள்ள. நீ போயிட்டா நான் யாருக்குத் தூக்கிக் குடுப்பேன்?”

ஊசி இறங்கியது. தசை வலையில் விழுந்த மீனாய் ஒருமுறை துள்ளி அடங்கியது. கெண்டைக்கால், தொடை, இடுப்பு என்று முடிச்சுகள் ஒவ்வொன்றாக அடங்கின.

அடுத்த வாரம் இசக்கியின் பொடி சிவப்புக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே பதிந்தது. ஆல்வின் மாஸ்டர் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு, ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். வலைக்கு மேலே அவளுடைய முழங்கை தெரிந்தது. ஜெபக்கனி தன் விரல்களை மீண்டும் பழக்கினாள். பழைய உயரத்துக்குக் கொடுத்த பந்துகள் எல்லாம் இப்போது இசக்கியின் நெஞ்சுக்கு நேராக வந்தன. இருவரும் சிரித்தார்கள். பறக்கிறவளுக்குப் பந்து கொடுக்கும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பிறகு, சின்னச் சின்னதாகச் சிலவற்றை ஜெபக்கனி கவனிக்கத் தொடங்கினாள். திருநெல்வேலியிலிருந்து திரும்பிய பேருந்தில் இருக்கை காலியாக இருந்தும் இசக்கி நின்றுகொண்டே வந்தாள். இறங்கியபோது கணுக்கால்கள் வீங்கிச் செருப்பு வார் புதைந்திருந்தது. தேரி மணலில் எல்லாரும் ஓட்டத்தை முடித்துவிட்டு விழுந்து கிடக்க, அவள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதால்.

“உக்காருட்டி.”

“ஏன்?”

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. உண்மையாகவே காரணம் தெரியாமல் கேட்டாள். உட்காருவதற்கு ஒரு மனிதப் பிறவி காரணம் கேட்கும் நாள் வரும் என்று ஜெபக்கனி எண்ணியதில்லை.

மாஸ்டரிடம் ஓடினாள். “மாஸ்டர், அவளுக்கு இளைப்பே தெரியமாட்டேங்கு.”

“அதுக்குத்தானட்டி ஊசி!” மாஸ்டர் நல்லவர். தம் வாழ்நாளில் ஒரு வெற்றிக் கோப்பையையும் தொடாதவர். நல்லவர்களின் கண்ணை மறைக்க வேறொன்றும் வேண்டியதில்லை, வெற்றி போதும். “இறுதி ஆட்டம் முடியட்டும். பெறகு நானே டாக்டரம்மாட்ட பேசுதேன்.”

மருத்துவரிடமும் போனாள். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். பச்சைக் கோடு ஒன்று அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. “பாரு, எல்லாமே சரியாத்தான் இருக்கு.” வாயைப் பொத்திய காவல்காரனிடமே நலம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று அந்தக் கனிவான பெண்மணிக்கு அப்போது தோன்றவில்லை.

இறுதி ஆட்டம் வந்தது. நீங்களும் வந்தீர்கள்.

கடைசிச் சுற்றில், ஒரு பந்து விழ மறுத்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மீண்டும் இந்தப் பக்கம். ஒவ்வொரு முறையும் இசக்கி எம்பினாள், அடித்தாள், எதிரணி எடுத்தது. மீண்டும் எம்பினாள். உங்கள் கண்கள் பந்தோடு போய்க்கொண்டிருந்தன. ஜெபக்கனி இசக்கியின் உதடுகளைப் பார்த்தாள். அவை வெளுத்திருந்தன. கால்கள் சொல்லாததை உதடுகள் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த முகத்தில் வியர்வையே இல்லை, வற்றிப்போயிருந்தது.

பந்து ஜெபக்கனியின் விரல்களுக்கு வந்தது. எண்ண நேரம் இல்லை. விரல்கள், ஆண்டுகளாகப் பழகிய அன்பில், தாமாகவே ஒன்றைச் செய்தன. பந்தை உயர, மிக உயர, விளக்குகளின் கண்கூசும் ஒளிக்குள் மறையும்படி தூக்கிவிட்டன.

மூச்சு வாங்கிக்கோ பிள்ள. நின்னு வாங்கிக்கோ.

இசக்கி நிமிர்ந்து பார்த்தாள். பழைய இசக்கியாக இருந்திருந்தால் அவளுடைய கால்களே அவளை நிறுத்தியிருக்கும். இது எட்டாது, இறங்கட்டும், காத்திரு என்று சொல்லியிருக்கும். அந்தக் கால்களுக்குத்தான் இப்போது பேச்சு இல்லையே. கண் பந்தைக் கண்டது; உடல் கண் போன இடத்துக்குப் போனது. மூன்றே எட்டில் ஓடிவந்து, தரையை உதைத்து, அவள் எழும்பினாள். ஜெபக்கனி ‘வேண்டாம்’ என்று வாய் திறந்தபோது இசக்கியின் நெஞ்சு வலையின் உயரத்தில் இருந்தது.

அவள் தரையை உதைத்த கணத்திலேயே, ஈரத் துணியை ஓங்கி உதறினால் கேட்குமே, அப்படி ஓர் ஓசை. உங்களுக்குக் கேட்டிராது, நீங்கள் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தீர்கள். முழங்கால் சிப்பியைக் கீழெலும்போடு கட்டியிருந்த நாணை, அவளுடைய தொடையே எலும்புச் சில்லோடு பிய்த்து எடுத்துவிட்டது. அப்படியும் அவள் அடித்தாள். பந்து எதிர்க்களத்தின் மூலையில் இறங்கியது. அவளும் இறங்கினாள். ஒருமுறை மடங்கி விழுந்து, கைகளை ஊன்றி எழுந்து நின்றாள். வலது முழங்கால் சிப்பி இருக்க வேண்டிய இடத்தில் குழி இருந்தது. சிப்பி தொடை நடுவே ஏறியிருந்தது. நிற்கக் கூடாத அந்தக் காலில் நின்றபடி, ஜெபக்கனியைப் பார்த்து ஆவலோடு கேட்டாள்:

“ஏட்டி கனி, உள்ளயா, வெளியயா?”

உள்ளேதான் விழுந்தது. கோப்பை கிடைத்தது. நீங்கள் கைதட்டினீர்கள்.

மருத்துவமனையில் எலும்பைச் சேர்த்து, நாணைத் தைத்து, கட்டுப் போட்டார்கள். மறுநாள் காலையில் இசக்கி எழுந்து, பல் துலக்கக் குழாயடிக்கு நடந்து போய்விட்டாள். தையல் அத்தனையும் விட்டுப்போயிற்று. மீண்டும் தைத்தார்கள். செவிலியர் தட்டை எடுத்து வைக்கத் திரும்பிய நேரத்தில் அவள் சன்னலோரம் போய் நின்று வெளியே வேடிக்கை பார்த்தாள். அறுவை மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“இந்த நுனிகளை எடுக்காம எதைத் தச்சாலும் நிக்காது. எலும்பு கூடுறதுக்கு வலி வேணும்மா. வலிச்சாத்தான் காலு படுத்திருக்கும்.”

“எடுங்களேன் டாக்டர்” என்றாள் ஜெபக்கனி.

“நிறுவனம் கையெழுத்துப் போடணும். விசாரணை முடியட்டும்னு சொல்லுதாங்க.”

இசக்கி தன் கால்கட்டை ஏதோ பிறர் சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் இல்லட்டி. காலு நல்லாத்தான் இருக்கு.”

“நல்லா இல்ல பிள்ள.”

“காலு சொல்லுதா, நீ சொல்லுதியா?”

“நான்தான் சொல்லுதேன்.”

“அப்ப சரி.” அவள் குழந்தையைப் போல் படுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஜெபக்கனியே அந்தக் கால்களுக்கு வாயானாள். படு, திரும்பாதே, எழும்பாதே, போதும். கண் அயர்ந்தால் இசக்கி எழுந்துவிடுவாளோ என்று தன் தாவணி நுனியை அவள் மணிக்கட்டில் முடிந்துகொண்டு கட்டிலடியில் படுத்தாள். ஓர் உடம்புக்குள் இருந்த காவலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த வேலையை ஏழைத் தோழி ஒருத்தியின் தூக்கத்தின் தலையில் கட்டிய அறிவியல் முன்னேற்றத்தை இதற்கு முன் எங்கேனும் கண்டதுண்டா?

விசாரணை நாள் வந்தது. ஜெபக்கனியின் எண்ணமெல்லாம் ஒன்றே ஒன்றில் இருந்தது: அந்தக் கையெழுத்து. யாரையும் தண்டிக்க வேண்டாம்; நுனிகளை எடுத்தால் போதும். இசக்கியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். நிறுவனத்தின் வழக்கறிஞர் குரலை உயர்த்தவே இல்லை.

“பந்தை அத்தனை உயரத்துக்குத் தூக்கியது யார்?”

“நான்தான் சார்.”

“எதற்காக?”

“அவ இளைச்சுப் போயிருந்தா. மூச்சு வாங்கட்டும்னு.”

“இளைப்பதாக அவர் உங்களிடம் சொன்னாரா?”

“இல்ல சார். மூஞ்சியில தெரிஞ்சுது.”

“எங்கள் திரையில் தெரியவில்லையே.” மருத்துவர் ஹேமலதா எதிர் வரிசையில் இருந்தார். ஜெபக்கனி அவர் முகத்தைத் தேடினாள். அவர் தம் விரல் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கறிஞர் இசக்கியின் பக்கம் திரும்பினார். “அம்மா, முதல் ஊசி போட்ட நாள் தொடங்கி இன்றுவரை, ஒரே ஒரு முறையாவது ‘போதும்’ என்று எவரிடமாவது சொன்னதுண்டா?”

இசக்கி யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண் அவள். “இல்ல சார்.”

“வலிக்கிறது என்று?”

“வலிக்கலியே சார்.”

“குறித்துக்கொள்ளுங்கள்” என்றார் அவர். “முழுச் சம்மதம்.”

ஜெபக்கனி எழுந்து கத்தினாள். “வாயைப் பொத்திட்டு, அவ பேசவே இல்லன்னா என்ன நியாயம் சார் இது?” விசாரணைக் குழுவினர் அவளை உட்காரச் சொன்னார்கள். தீர்ப்பு சிறியது. கருவியில் பழுது இல்லை. அது வடிவமைத்தபடியே வேலை செய்திருக்கிறது. பழுதில்லாத கருவியை அகற்றுவதற்குக் காரணம் இல்லை. காயத்துக்குக் காரணம் எடுத்துக் கொடுத்தவளின் கவனக்குறைவு.

ஜெபக்கனி பெஞ்சில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள் செய்த ஒரே குற்றம், இளைத்தவளுக்கு இளைப்பாற நேரம் கொடுக்க நினைத்தது. அதைத்தான் உலகம் குற்றமென்று எழுதியிருந்தது.

சற்று நேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். நாற்காலி வெறுமையாக இருந்தது. விசாரணையின்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த சிலர் அரைவட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே இசக்கி நின்றாள். யாரோ எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், நின்றிருக்கிறாள். காலில் போட்டிருந்த கட்டின் வழியே இரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

அவர்களுள் வயதான ஒருவர், வெள்ளை வேட்டி, மிகுந்த பணிவு, ஜெபக்கனியிடம் வந்தார். “வருத்தமாத்தான் இருக்கும்மா. தப்பா நெனைக்கப்படாது, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கூடவே இருந்திருக்க, ஒனக்குத்தான் தெரியும். இந்தப் பிள்ள ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம் உக்காராம நிக்கும்?”

பத்திரிகைக்காரர் என்று அவள் எண்ணியிருந்தாள். இல்லையென்றால் வேறு கழகத்தார். “நீங்க எந்த டீமு அண்ணாச்சி?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டீமா? நமக்குத் தையல் கம்பெனிம்மா. நானூறு பொம்பளைக நின்னு தைக்காங்க, நாலு மணியானா உக்காந்துருதாங்க. இவரு துறைமுகத்துல மூடை ஏத்துற காண்டிராக்டு. அந்தா நிக்காரே, அவருக்குச் சரக்கு அடுக்குற கிட்டங்கி.” பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு நற்செய்தியைப் பகிர்வதுபோல் சொன்னார்: “கைப்பந்தெல்லாம் சும்மா சோதனைக்குத்தானாம்.”

ஜெபக்கனி அரைவட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போய், இசக்கியின் தோளைப் பிடித்து, “உக்காரு பிள்ள” என்றாள். தோழி உட்கார்ந்தாள். அவர்களில் ஒருவர், “அட, சொன்னா உக்காரவும் செய்யுது” என்று வியந்தார்.

இதை வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டுத் தாளை மடித்து வைக்கிறவர்களுக்காக இது எழுதப்படவில்லை. தையல் கூடத்தில் நிற்பவர்களே, மூடை சுமப்பவர்களே, கிட்டங்கிப் படிகளில் ஏறி இறங்குபவர்களே, இலவச மருத்துவ முகாம் என்று பலகை கட்டி அந்த ஊசி உங்கள் வாசலுக்கு வரும்போது, காலை நீட்டாதீர்கள். எப்படி எடுப்பாய் என்று முதலில் கேளுங்கள். எடுக்கும் உரிமை சுமப்பவனுக்கே என்று எழுதிக் கொடுக்கும்வரை ஒருவரும் படுக்காதீர்கள். இசக்கியின் கால்களில் அந்த நுனிகள் இன்னும் இருக்கின்றன. வருகிற திங்கட்கிழமை காலையில் கழகத்தின் புதிய பெண்கள் அந்த ஊசிக்காக வரிசையில் நிற்கப்போகிறார்கள். அவர்களில் இளையவளுக்கு வயது பதினான்கு. தேரி ஓரத்து அந்த வாசலுக்கு வாருங்கள். வந்து, மருத்துவ வண்டி உள்ளே போகாதபடி மறித்து நில்லுங்கள். கால் வலிக்கும், வலிக்கட்டும், நில்லுங்கள்.